கைபிடித்து அழைத்துச் சென்றவர்கள்: கண் மருத்துவத் தொண்டும் கொல்லிமலையும்

கொல்லிமலை என்றதும் நம் மாவட்டத்தார்க்கு வல்வில் ஓரியும், ஆகாய கங்கை அருவியும், எழுபது கொண்டை ஊசி வளைவுகளும், பலாப்பழமும் நினைவுக்கு வரும். கண் மருத்துவத் தொண்டின் வரலாற்றிலும் இம்மலைக்கு ஓர் இடம் உண்டு என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. பார்வையற்றோர்க்கும் பார்வை குன்றியோர்க்கும் நம்மால் இயன்ற தொண்டு எது என்னும் கேள்வி நம் கூட்டங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. பெரும்பாலும் அது நிதி திரட்டுவது, உணவு வழங்குவது, கைத்தடி கொடுப்பது என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. இவை நற்செயல்களே. ஆயினும், தமிழ்நாட்டில் கடந்த நூறாண்டுகளில் கண்ணிழந்தோர்க்கு நன்மை விளைந்த விதத்தைப் பார்க்கும்போது, பணத்தைவிட அரிதாக இருந்தது வேறொன்று என்று தெரிகிறது. அதை இம்மலரில் எழுத முற்படுகிறோம்.

1913-ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயரும் அவர் மனைவி ஈவ்லினும் கொல்லிமலையில் குடியேறினர். அவர்கள் கிறிஸ்தவ சமயப் பரப்புரைக்காக வந்தவர்கள். அந்நோக்கத்தில் நமக்கும் அவர்களுக்கும் உடன்பாடில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் மக்களுக்குச் செய்த மருத்துவப் பணியை மறைத்து எழுதுவது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. ஜெஸ்ஸி முழு மருத்துவர் அல்லர். வெப்பநாட்டு நோய்கள் குறித்து லண்டனில் ஓராண்டுப் பயிற்சி பெற்றவர், அவ்வளவே. அக்காலத்தில் மலைக்குச் சாலை கிடையாது. நடக்க முடிந்தவர் நடப்பார். முடியாதவரை டோலி கட்டித் தூக்குவார்கள். மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் மலையில் தங்க மாட்டார்கள். நோயாளி இறங்கி வருவான் என்று அடிவாரத்தில் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். எனவே அவர்கள் மேலேயே தங்கினார்கள்.

ஜெஸ்ஸி செய்த பணிகளில் நம் கவனத்துக்குரியது நரம்புச் சிலந்தி நோய் பற்றியது. மருந்தால் மட்டும் தீராத நோய் அது. நீரில் இறங்கி நிற்பவரின் காலிலிருந்து புழுவின் இளம்புழுக்கள் நீரில் கலக்கும். அதே நீரைக் குடிப்பவருக்கு நோய் தொற்றும். மக்கள் நீருக்குள் இறங்காதபடி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்புவதே அவர் கண்ட வழி. கிணறு கிணறாகப் போய், மக்களை இணங்கவைத்துச் செய்த வேலை அது. நரம்புச் சிலந்தியை ஒழித்த நாடு என்னும் சான்றினை இந்தியா பெற்றது 2000-ஆம் ஆண்டில்தான்.

ஜெஸ்ஸி 1929-இல் கடுங்காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். பின்னாளில் ஈவ்லின் ஓய்வு பெறும் வயதைக் கடந்த பிறகு, தம் சங்கத்தார் தடுத்தும் கேளாமல் மலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரை மீதேறியும் இரு மூங்கில் தடிகளை ஊன்றியும் கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை ஊர்களுக்கும் போய்க்கொண்டிருந்தார். 1974-இல் தமது 95-ஆம் வயதில் காலமானார். தம் முதுமைத் தோற்றத்தைக் கண்டு மனம் தளரக் கூடாதென்று வீட்டிலிருந்த கண்ணாடிகளை அப்புறப்படுத்திவிட்டார் என்பர். விந்தையான பெண்மணி!

மலையில் வளர்ந்த மகன்

இத்தம்பதியரின் மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தவர். ஒன்பது வயதுவரை இம்மலையின் மரங்களில் ஏறி விளையாடி வளர்ந்தவர். தொழுநோயாளிகள் தம் தந்தையிடம் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்த காட்சியைச் சிறு பிள்ளையாகக் கண்டு அஞ்சியதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். இங்கிலாந்தில் அறுவை மருத்துவராகி, 1946-இன் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. வலி தெரியாமல் போவதால் சூட்டிலும் காயத்திலும் தேய்ந்து அழிகின்றன என்று நிறுவி உலகப் புகழ் பெற்றார். கையையும் காலையும் சீர்செய்யும் அறுவை முறைகளை வகுத்தார். 2003-இல் மறைந்தார்.

இவருடைய மனைவி மார்கரெட் பிராண்டும் மருத்துவர். 1947-இல் குழந்தைகளுடன் வேலூர் வந்து சேர்ந்த அவரை ஷெல் கண் மருத்துவமனையில் உதவுமாறு கேட்டுக்கொண்டனர். 1902-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய முதல் மருத்துவமனையே பின்னர் கண் மருத்துவமனையாக மாறியது. கண் மருத்துவத்தில் தமக்குத் தனிப் பயிற்சி இல்லையே என்று மார்கரெட் தயங்கினார். வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ளலாம் என்றனர். கற்றுக்கொண்டார். தொழுநோயில் கண் அடையும் கேடுகளை ஆராய்ந்தறிந்த உலகின் முன்னணி வல்லுநர்களுள் ஒருவராக உயர்ந்தார். 2014-இல் அவர் காலமாகும்போது, அவர் வகுத்த பராமரிப்பு முறைகள் பல நாடுகளில் வழக்கத்தில் இருந்தன.

தொழுநோய் கண்ணை எப்படிப் பறிக்கிறது என்பதைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். நாம் நம்மையறியாமல் நிமிடத்துக்குப் பலமுறை இமைக்கிறோம். விழியின் மேற்பரப்பு உலர்ந்தாலோ தூசி பட்டாலோ உறுத்தல் தோன்றும். உடனே இமை மூடும். தொழுநோயில் விழித்திரைக்கு முன்னுள்ள கருவிழிப் படலம் உணர்ச்சியற்றுப் போகும். உறுத்தல் தோன்றாததால் இமைப்பதும் குறையும். சிலருக்கு முக நரம்பும் பாதிக்கப்பட்டு இமை மூடவே இயலாமற் போகும். திறந்த கண் உலர்ந்து, புண்ணாகி, ஒளி இழக்கும். பிற பார்வையற்றோர்க்குத் தடவியறிய விரலாவது உண்டு. இவர்களுக்கு விரலிலும் உணர்ச்சி இராது. பிரெயில் எழுத்தும் பயன்படாது. சுவரைத் தடவி வழியறியவும் முடியாது.

இதற்கு அறுவை முறை ஒன்று இருந்தது. மெல்லும்போது இயங்கும் பொட்டுத் தசையின் ஒரு பகுதியை இமைகளோடு இணைத்துவிடுவார்கள். பிறகு அந்நோயாளி தாடையை அழுத்தும்போதெல்லாம் இமை மூடும். ஆனால் அவர் மறவாமல் தாடையை அசைக்க வேண்டும். அறுவைக்கு முன்னரே வந்த நோயாளிகளுக்கோ, நினைத்து நினைத்துக் கண்ணை மூடப் பழக்குவதே மருந்து. நாள்தோறும் கண்ணைப் பார்க்கவும், சிவந்திருக்கிறதா என்று சொல்லவும், ‘கண்ணை மூடு’ என்று நினைவூட்டவும் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும். வீட்டார் ஒதுக்கிவைத்த நோயாளிக்கு அந்த மனிதர் யார்? இங்கேதான் தொண்டர்களின் வேலை தொடங்குகிறது.

விளக்குப் பிடித்த சிறுவன்

தொழுநோயை விடப் பன்மடங்கு மக்களின் கண்ணை மறைத்தது கண்புரை. முதுமையில் விழியின் ஆடி வெளுத்து ஒளியைத் தடுப்பதே இந்நோய். இதற்கு மருத்துவம் கண்டது நேற்றல்ல. ஊசியால் புரையைப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே சொல்லப்பட்டுள்ளது. ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில் எகிப்தில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுத்த முறையைத் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். ஆயிரமாண்டுக்கு முன்பே தெரிந்த மருத்துவம் இருபதாம் நூற்றாண்டிலும் கிராமத்து ஏழையை எட்டவில்லை.

அதை எட்டவைக்க எடுத்த வழிதான் கண் சிகிச்சை முகாம். வேலூரில் இம்முகாம்களை முனைந்து நடத்தியவர் டாக்டர் விக்டர் ராம்போ. அவருக்குப் பின் மார்கரெட் பிராண்ட் உள்ளிட்டோரும் ஊர் ஊராகச் சென்றனர். பள்ளிக்கூடமோ சத்திரமோ மரநிழலோ அறுவைக் கூடமாயிற்று. அக்கால அறுவைக்குப் பிறகு கண்ணைக் கட்டிப் பல நாள் படுக்கவைக்க வேண்டும். அசையக் கூடாது, இருமக்கூடத் தயங்குவார்கள். பாயில் வரிசையாகப் படுத்திருக்கும் நாற்பது ஐம்பது முதியவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவதும், ஒதுக்குப்புறம் அழைத்துப் போவதும், தூக்கத்தில் கட்டை அவிழ்த்துவிடாமல் காவல் இருப்பதும் மருத்துவர் செய்யக்கூடியவை அல்ல. உள்ளூரார் செய்தனர். கட்டவிழ்த்ததும் ‘சோடாபுட்டி’ கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அக்கண்ணாடியைப் போட்ட தாத்தா பாட்டிகளை நம்மில் மூத்தோர் கண்டிருப்பர்.

அப்படிப்பட்ட ஒரு முகாமில் நிகழ்ந்ததைப் பால் பிராண்ட் எழுதிவைத்திருக்கிறார். மின்சாரமில்லாத ஊர், கொடும் வெயில். மார்கரெட் அறுவை செய்ய, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் டார்ச் விளக்கைப் பிடித்து நிற்கிறான். மருத்துவம் அறியாத பிள்ளை, நான்கு பேர் முடியும்வரை கை நடுங்காமல் ஒளியைக் கண்ணின் மேலேயே நிறுத்துகிறான். ஐந்தாவது ஆள் வந்தபோது ஒளி விலகுகிறது. பார்க்க முடியவில்லையா என்று மருத்துவர் கேட்கிறார். படுத்திருப்பது தன் தாய் என்கிறான் சிறுவன். எனினும் விளக்கைக் கீழே வைக்கவில்லை. சில நாள் கழித்துக் கட்டவிழ்த்தபோது அத்தாய் தன் மகனின் முகத்தை முதன்முதலாகத் தெளிவாகக் கண்டாள்.

இந்நிகழ்ச்சி உருக்கமானது என்பதற்காக மட்டும் இங்கே எழுதவில்லை. நூறு ரூபாய் கொடுக்கும் வசதியும் அச்சிறுவனுக்கு இல்லை, கல்வியும் இல்லை. கேட்ட இடத்தில் கேட்ட நேரம்வரை நின்றான். முகாமுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

இலவசம் என்றாலும் வராதவர்கள்

தமிழ்நாட்டில் முகாம்களைப் பெருவழக்காக்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் வட்டாரத்துச் சிற்றூரில் 1918-இல் பிறந்தவர். இராணுவ மருத்துவராக இருந்தபோது கடுமையான முடக்குவாதம் தாக்கி விரல்கள் வளைந்துவிட்டன. மகப்பேறு மருத்துவராக எண்ணியிருந்தவர் கண் மருத்துவத்துக்கு மாறி, வளைந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். மதுரையில் அரசுப் பணியில் இருந்தபோதே முகாம்கள், பார்வையற்றோர் மறுவாழ்வு மையம், கண் மருத்துவ உதவியாளர் பயிற்சி ஆகியவற்றைத் தொடங்கினார். 1976-இல் 58 வயதில் ஓய்வு பெற்று, உடன்பிறந்தோரின் துணையோடு பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் நிறுவினார். பணம் கொடுக்க இயன்றவரிடம் பெற்று, இயலாதவருக்கு இலவசமாகச் செய்யும் ஏற்பாடு. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியதும் அதே 1976-இல்தான். 1992-இல் ஆரோலேப் நிறுவனம் கண்ணுள் பொருத்தும் செயற்கை ஆடியை மதுரையிலேயே குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கியது. சோடாபுட்டிக் கண்ணாடியின் காலம் அதனோடு முடிந்தது. வெங்கடசாமி 2006-இல் மறைந்தார். அந்நிறுவனத்தின் மருத்துவமனை இப்போது சேலத்திலும் உள்ளது.

இவ்வளவும் பலரும் அறிந்ததே. நாம் வலியுறுத்த விரும்புவது அதிகம் அறியப்படாத ஒன்றை. அறுவை இலவசம், ஆடி இலவசம் என்று அறிவித்தபின் மக்கள் திரண்டு வந்திருக்க வேண்டுமல்லவா? வரவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, கண்ணில் குறை இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரே முகாமுக்குச் சென்றதாகக் காட்டியது. முகாம் பக்கத்தில் நடந்தும் போகவில்லை. அறுவையால் இருக்கிற கண்ணும் போய்விடும் என்ற அச்சம், வயதான காலத்தில் இது போதும் என்ற எண்ணம், வீட்டு வேலை, அழைத்துப் போக ஆளின்மை, போக்குவரத்துச் செலவு முதலியன அவர்களைத் தடுத்தன.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 1991-இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கான விடையையும் தேடிப் பார்த்திருந்தது. பற்பல கிராமங்களில் பற்பல முறைகளில் மக்களை அழைத்துப் பார்த்தனர். முன்பே புரை நீக்கிப் பார்வை பெற்ற ஒருவர் வீடு வீடாகச் சென்று பேசியது, செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வதோடு சேர்ந்தபோது மிகுந்த பலன் அளித்தது. ஒலிபெருக்கியும் சுவரொட்டியும் செய்யாததைப் பக்கத்துத் தெருக் கிழவர் திண்ணையில் உட்கார்ந்து, ‘எனக்கும் செய்தார்கள், இதோ பார்க்கிறேனே’ என்று சொன்ன சொல் செய்தது. அரவிந்த் முகாம்களில் பேருந்தும் உணவும் இலவசச் சிகிச்சையோடு சேர்க்கப்பட்டதும் இவ்வகை அனுபவங்களின் பயனே.

கணக்குப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கண் தெரியாத மூதாட்டி ஒருவர் கொல்லிமலைச் சிற்றூரிலிருந்து சேலம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் தனியே போக முடியாது. மகனோ மருமகளோ உடன் போக வேண்டும். மிளகு பறிக்கும் கூலியோ மரவள்ளி நடும் கூலியோ அவர்களுக்கு இரண்டு மூன்று நாள் போய்விடும். செம்மேடு வந்து பேருந்து ஏறி, எழுபது வளைவு இறங்கி, மீண்டும் பேருந்து மாற வேண்டும். மருத்துவமனையில் ஒரு பைசா வாங்காவிட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு அது இலவசம் அன்று. ‘அறுவடை முடியட்டும்’ என்று தள்ளிப்போடுவார்கள். மூதாட்டியும் பிள்ளைகளுக்குச் சுமையாகக் கூடாதென்று வாய் திறக்க மாட்டார். இப்படித் தள்ளிப்போன அறுவடைகள் எத்தனை!

உடன் போக ஒருவர் முன்வந்தால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பணம் கொடுத்தவர் அல்லர், உடன் போனவரே அங்கே பார்வை கொடுத்தவர் என்று சொன்னால் மிகையாகாது.

இதைப் படிக்கையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்த பார்வையற்ற தோழரின் முறையீடு நம் வாசகர்களுக்கு நினைவு வரக்கூடும். பள்ளிவாசலுக்குத் தம்மை அழைத்து வர ஆளில்லை என்பதே அவர் சொன்ன குறை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மதீனாவில் சொல்லப்பட்டதும், தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஆய்வாளர்கள் கேட்டறிந்ததும் ஒன்றே. அத்தோழர்களுள் ஒருவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பாங்கு சொல்லும் பொறுப்பிலும், நபியவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பிலும் இருந்தவர்கள். கைபிடிக்க ஆள் வேண்டியிருந்தது என்பதற்காக அவர்களை யாரும் உதவி பெறுபவராக மட்டும் கருதவில்லை.

நம் மஹல்லாவில் முகாம் நடத்த விரும்பினால், மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் வழியாகவோ கண் மருத்துவமனைகளின் முகாம் பிரிவை அணுகியோ நாள் பெறலாம். மருத்துவக் குழுவும் கருவிகளும் அவர்களுடையவை. இடம், விளம்பரம், வரிசை ஒழுங்கு ஆகியவை நம்முடையவை. முகாமுக்கு முந்திய இரண்டு வாரங்கள்தாம் உண்மையான வேலை. எந்த வீட்டில் யாருக்குக் கண் மங்கல் என்று தெருவாரியாகக் குறித்து, வீட்டுக்குள் சென்று பேச வேண்டும். பெண்களிடம் பெண்களே போய்ப் பேசி, அவர்களே உடன் அழைத்து வருவது நல்லது. கண்ணிழந்தவர்களில் பெண்கள் மிகுதி. முகாமுக்கு வருவதில் அவர்களே பின்தங்குகின்றனர். சர்க்கரை நோயுள்ளவர்களைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அந்நோயால் விழித்திரையில் ஏற்படும் கேடு வலியின்றி வளரும். முற்றிய பின் இழந்த பார்வை பெரும்பாலும் மீளாது. அறுவை முடிந்து திரும்பியவரை ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அழைத்து வருவதையும் அதே தொண்டரிடம் ஒப்படைக்க வேண்டும். சொட்டு மருந்தை ஒழுங்காக விடாமல் கண்ணைக் கெடுத்துக்கொள்வோர் உண்டு.

பார்வை திரும்பாதவர்களுக்கு

அறுவையால் தீராத பார்வையிழப்பும் உண்டு. அவர்களுக்கான தொண்டின் வரலாறு வேறு தடத்தில் சென்றது. 1890-இல் பாளையங்கோட்டையில் அஸ்க்வித் என்னும் ஆங்கிலேய ஆசிரியை பார்வையற்றோர்க்குக் கல்வி தரத் தொடங்கினார். தென்னிந்தியாவின் தொன்மையான பார்வையற்றோர் பள்ளிகளுள் ஒன்று அது. பிரான்சு நாட்டில் பார்வையற்ற மாணவரான லூயி பிரெயில் தம் பதினைந்தாம் வயதில் உருவாக்கிய ஆறு புள்ளி எழுத்துமுறை 1829-இல் நூலாக வெளிவந்தது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல் ஏற்கப்பட்டது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, பார்வையற்றோர்க்கு மிகப் பெரிய நன்மையைச் செய்தவர்களில் பலர் பார்வையற்றவர்களே என்பது. நம் காலத்தில், பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்கள் 1985-இல் மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவிக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்க வழிசெய்தார்கள்.

உடன் நடப்பதிலும் ஒரு முறை உண்டு. சாலையைக் கடக்க உதவுவோர் பலர் பார்வையற்றவரின் தோளையோ கைத்தடியையோ பற்றி முன்னே தள்ளுகின்றனர். அது அவர்களை நிலைதடுமாறச் செய்யும். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு 1940-களில் அமெரிக்காவில் பயிற்சி அளித்தபோதுதான் நீண்ட வெண்கோலை இடமும் வலமும் வீசித் தரையறிந்து நடக்கும் முறை ஒழுங்குபெற்றது. துணை செல்பவரின் முழங்கைக்கு மேல் பார்வையற்றவரே பற்றிக்கொண்டு அரையடி பின்னே வருவதுதான் சரியான முறை. நம் உடல் ஏறுவதையும் இறங்குவதையும் திரும்புவதையும் அவர் அப்பிடியிலிருந்தே அறிவார். இக்கட்டுரையின் தலைப்பைக்கூட அந்தக் கணக்கில் திருத்த வேண்டியிருக்கும்! முதலில் பெயர் சொல்லிப் பேச வேண்டும். உதவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். விலகும்போது சொல்லிவிட்டு விலக வேண்டும். உடன் வந்தவரிடம், ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்காமல் அவரிடமே கேட்க வேண்டும். வீட்டிலும் பள்ளிவாசலிலும் பொருள்களை இடம் மாற்றினால் தெரிவிக்க வேண்டும். ஒளுச் செய்யுமிடத்தில் வழுக்கும் படி, பாதி திறந்த கதவு, நடைபாதையில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் ஆகியவை பார்வையுள்ளவர்க்குத் தொந்தரவு, பார்வையற்றவர்க்குக் காயம்.

அலுவலகப் பணிகளும் பல உள. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும், மருத்துவச் சான்று பெறும் முகாமுக்குச் செல்லவும், உதவித்தொகைக்கான தாள்களைப் படித்துக் காட்டவும் ஒரு நாள் ஒதுக்கக்கூடியவர் தேவை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த உரிமைகளில் பல, படிவம் நிரப்ப ஆளில்லாமலே நின்றுவிடுகின்றன.

நம் கல்லூரி மாணவ மாணவியர்க்கு மிகவும் பொருத்தமானது வாசிப்பும் தேர்வு எழுதித் தருதலும். கைப்பேசிச் செயலிகள் அச்செழுத்தைப் படித்துக் காட்டும் காலம் இது. ஆயினும் ஆசிரியரின் கையெழுத்துக் குறிப்பு, வரைபடம், கணிதச் சமன்பாடு, தெளிவற்ற பழைய நகல் ஆகியவற்றில் அவை தடுமாறுகின்றன. பாடத்தை நிதானமாக ஒலிப்பதிவு செய்து கொடுப்பவர் இன்றும் வேண்டும். பக்க எண்ணையும் தலைப்பையும் சொல்லிப் படிக்க வேண்டும். படத்தைக் கண்டால் அதில் இருப்பதை விளக்க வேண்டும். தமக்குப் பிடிக்காத பத்தியைத் தாண்டிவிடக் கூடாது.

தேர்வில் மாணவர் சொல்வதை எழுதுபவரின் பொறுப்பு இதைவிடப் பெரியது. இதற்கான மத்திய அரசின் நெறிமுறைகள் 2013-இல் வெளியிடப்பட்டன. ஒரு மணி நேரத் தேர்வுக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் அளிக்க அவை வழிவகுத்தன. பின்னர் அவை திருத்தப்பட்டுள்ளன. எழுதுபவரின் கல்வித் தகுதி, அவரை யார் தெரிவு செய்வது என்பன தேர்வுக்குத் தேர்வு மாறக்கூடும். எனவே அந்தந்தத் தேர்வின் அறிவிப்பை முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதே வேலை. விடை தவறென்று தோன்றினாலும் திருத்தக் கூடாது. தேர்வுக்கு முன் ஒரு முறையாவது மாணவரோடு அமர்ந்து பழகினால், அவர் சொல்லும் வேகமும் நாம் எழுதும் வேகமும் ஒத்துவரும். ஒப்புக்கொண்ட நாளில் வராமல் போவது மட்டும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. தேர்வுக் கூட வாசலில் எழுதுபவருக்காகக் காத்து நின்ற மாணவருக்கு அந்த ஆண்டு திரும்பி வராது. பெயர் கொடுக்கும் தொண்டர் ஒவ்வொருவருக்கும் மாற்றாள் ஒருவரின் பெயரையும் சேர்த்தே பதிந்துகொள்ளுமாறு நம் இளைஞர் அணியைக் கேட்டுக்கொள்கிறோம்.